கொடிக்கம்பத்தின் அடியில் யார் நிற்பது?

1974 ஆகஸ்ட் 15 அன்று சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் முதலமைச்சர் மு. கருணாநிதி தேசியக் கொடியை ஏற்றினார். அதற்கு முன்பு வரை சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டிலும் ஆளுநர்தான் கொடியேற்றுவார். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல்வருக்கு ஏன் அந்த உரிமை இல்லை என்று கருணாநிதி ஒன்றிய அரசிடம் கேட்டார். ஆகஸ்ட் 15 முதல்வருக்கு, ஜனவரி 26 ஆளுநருக்கு என்று முடிவானது. இன்று இந்தியாவின் எல்லா மாநில முதல்வர்களும் அப்படித்தான் கொடியேற்றுகிறார்கள். மாநில சுயாட்சி வரலாற்றில் இது பெருமையாகப் பேசப்படும் வெற்றி. பேச வேண்டியதுதான்.

46 ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 15. திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி அருகே ஆத்துப்பாக்கம் ஊராட்சி. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர் அமிர்தம், ஒரு தலித் பெண். அவர் கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்த பிறகு, சில நாட்கள் கழித்து, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் காவல்துறைப் பாதுகாப்போடு அவர் கொடியேற்றினார்.

இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குக் கொடியேற்றும் உரிமை உண்டா? மேலே இருந்தவருக்கு ஒரு கடிதப் போக்குவரத்தில் பதில் கிடைத்தது. கீழே இருந்தவருக்குப் போலீஸ் வேன் வர வேண்டியிருந்தது. ஏன் இந்த வேறுபாடு? இதைப் புரிந்துகொள்ள, அரசாங்கம் மனிதர்களை வரிசையில் நிறுத்தும் முறையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

26 படிகள்

அரசு விழாக்களில் யார் முன்னால், யார் பின்னால் என்று சொல்லும் ஒரு பட்டியல் இந்தியாவில் இருக்கிறது. அதிகாரிகள் பேச்சில் 'புரோட்டோகால்' என்று அடிபடுவது பெரும்பாலும் இதுதான். குடியரசுத் தலைவர் செயலகம் 1979 ஜூலை 26 அன்று வெளியிட்ட அறிவிக்கை இதற்கு அடிப்படை. குடியரசுத் தலைவர் முதல் படி, துணைக் குடியரசுத் தலைவர் இரண்டாவது, பிரதமர் மூன்றாவது, தங்கள் மாநிலத்துக்குள் ஆளுநர்கள் நான்காவது. தங்கள் மாநிலத்துக்குள் முதலமைச்சர்கள் ஏழாவது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் 21ஆவது. 26ஆவது படியில் ஒன்றிய அரசின் இணைச் செயலாளர்களும் அவர்களுக்கு நிகரான ராணுவ அதிகாரிகளும் வருகிறார்கள். அதோடு பட்டியல் முடிகிறது.

இந்த வரிசை அரசு விழாக்களுக்கும் சடங்கு நிகழ்ச்சிகளுக்கும் மட்டுமே, அன்றாட அரசுப் பணிக்குப் பொருந்தாது என்று அந்த அறிவிக்கையே குறிப்பிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஊராட்சி மன்றத் தலைவர் இதில் எங்கும் இல்லை. டெல்லியில் யார் பக்கத்தில் யார் நாற்காலி போடுவது என்பது எழுதப்பட்டிருக்கிறது. சேரிக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கும் ஊராட்சி அலுவலகத்தில் யாருக்கு நாற்காலி என்பது எழுதப்படவில்லை. எழுதாமல் விட்ட இடம் காலியாகவா இருக்கும்? அங்கே ஏற்கெனவே ஒரு பட்டியல் உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் சாதி.

பீரங்கி முழக்கமும் கஞ்சித் தொட்டியும்

இப்படிப் படி வைத்து நிறுத்துவதை வெள்ளையர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் வருவதற்கு முன்பே கோயில் பரிவட்டம், முதல் மரியாதை, வெள்ளைக் குடை, கொடி, ஊர்வலப் பாதை என்று எல்லாவற்றுக்கும் இங்கே கணக்கு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னையில் 1652இலும் 1707இலும் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்குள் பெரிய மோதல்கள் நடந்தன. யார் எந்தத் தெருவில் ஊர்வலம் போகலாம், யார் எந்த விருதை ஏந்தலாம் என்பதே சண்டை. ஆளுநர் தாமஸ் பிட் காலத்தில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று தெருக்களைப் பிரித்துவிடும் அளவுக்கு அது போனது. பறையர்கள் வலங்கைப் பிரிவில் இருந்தார்கள். அந்த அணிக்காகத் தெருவில் இறங்கி அடிபட்டவர்களில் நம்மவர்களும் உண்டு. வென்ற மரியாதையில் நமக்குப் பங்கு வந்ததா என்று கேட்டால், நாம் பறைச்சேரியிலேயேதான் இருந்தோம். கம்பெனியும் மேலே இருந்த தகராறைத் தீர்த்தது, கீழே இருந்த வழக்கத்தைத் தொடவில்லை.

வெள்ளையர்கள் செய்தது வேறு. இந்த வரிசையை எழுதி, எண் போட்டு, அரசாங்க முத்திரை குத்தினார்கள். சமஸ்தானங்களுக்குப் பீரங்கி முழக்கக் கணக்கு வைத்தார்கள். ஹைதராபாத் நிஜாமுக்கும் மைசூர் மகாராஜாவுக்கும் 21, திருவிதாங்கூருக்கு 19, கொச்சிக்கு 17, புதுக்கோட்டைக்கு 11. ஒரு குண்டு கூடுமா குறையுமா என்று அரசர்கள் பல வருடம் மனுப் போட்டார்கள். அதற்குக் கீழே ஜமீன்தார்கள், ஜாகிர்தார்கள். நம் பக்கத்து ஆரணியிலும் மராட்டியர் காலத்தில் வந்த ஒரு ஜாகிர் இருந்தது. சத்தியவிஜயநகரத்தில் நிற்கும் அரண்மனை அந்தக் காலத்தின் மிச்சம். அரண்மனைக் கட்டடங்களைப் பற்றி நாம் படிக்கிறோம். அந்த ஜாகிரின் நிலத்தில் ஏர் பிடித்தவர்கள் எந்த வாசல் வரை வரலாம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தேவைப்படவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

1877 ஜனவரி 1 அன்று விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டார். வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தினார். யார் எந்தப் பந்தலில், யாருக்கு எந்தக் கொடி என்று பார்த்துப் பார்த்து ஏற்பாடு. அதே நேரத்தில் சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம். வட ஆற்காட்டில், அதாவது இன்றைய நம் மாவட்டமும் சேர்ந்திருந்த பகுதியில், மக்கள் கஞ்சித் தொட்டிக்கும் நிவாரண வேலைக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். அந்த ஜனவரியில்தான் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிவாரணக் கூலியைக் குறைத்தார். ஒரு நாள் முழுக்க வேலை பார்ப்பவருக்கு ஒரு பவுண்டு தானியத்தோடு சிறு காசு போதும் என்றார். நிலம் இல்லாதவர்கள், அதாவது பெரும்பாலும் நம் பாட்டன் பூட்டன்கள், முதலில் செத்தார்கள். அரசாங்கத்துக்கு வரிசை போட நேரம் இருந்தது. அந்த வரிசையில் இல்லாதவர்களுக்குச் சோறு போட நேரம் இல்லை.

பட்டத்தை வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்

ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்ற பட்டங்கள் இந்த ஏணியின் கீழ்ப்படிகள். எம்.சி. ராஜா ராவ் பகதூர். இரட்டைமலை சீனிவாசன் ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என மூன்றையும் பெற்றவர். வெள்ளைக்காரனிடம் பட்டம் வாங்கியவர்கள் என்று இவர்களைக் கேலி செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கல்லூரியில் உங்களிடமும் சொல்லியிருப்பார்கள்.

அவர்களிடம் திருப்பிக் கேளுங்கள்: அதே பட்டத்தை வாங்கிய நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் அதை வைத்து என்ன செய்தார்கள்? கோயிலில் கூடுதல் மரியாதை கேட்டார்கள். நம்மவர்கள் என்ன கேட்டார்கள்? தெருவில் நடக்கும் உரிமையைக் கேட்டார்கள். சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், வீரையன் உள்ளிட்ட நம் உறுப்பினர்கள் எழுப்பிய குரலின் விளைவாக 1924 செப்டம்பர் 25 அன்று ஓர் அரசாணை வந்தது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம், அரசு அலுவலகத்துக்குள் போகலாம், பொதுக் கிணறு, குளத்தைப் பயன்படுத்தலாம் என்றது அந்த ஆணை.

மாளிகையில் யார் முதலில் நுழைவது என்று மற்றவர்கள் வாதாடிய காலத்தில், தெருவில் நுழைவதையே நாம் சட்டமன்றத்தில் கேட்க வேண்டியிருந்தது. நம்மவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஊர் வழக்கம் எழுதப்படாதது. அதை எதிர்க்க வேண்டுமானால் முதலில் அரசாங்கத்தை எழுத வைக்க வேண்டும்.

பிறகு படிகளிலும் ஏறினார்கள். 1937இல் வி.ஐ. முனுசாமிப் பிள்ளை ராஜாஜி அமைச்சரவையில் அமைச்சர் ஆனார். அதே ஆண்டு ஜெ. சிவசண்முகம் பிள்ளை சென்னை மேயர் ஆனார். 1946 முதல் 1955 வரை சட்டமன்ற சபாநாயகராக இருந்தார். அவர் அவைக்குள் வரும்போது எல்லாச் சாதி உறுப்பினர்களும் எழுந்து நின்றார்கள். எழுதப்பட்ட வரிசை எழுதப்படாத வரிசையைத் தோற்கடித்த இடம் அது.

17உம் 18உம்

அரசியலமைப்புச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அதற்கு அடுத்த 18ஆவது பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கக் கூடாது என்கிறது. இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. பிறப்பால் வரும் தாழ்வும் அரசு தரும் செயற்கை உயர்வும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள் என்று நாம் இதைப் படிக்கலாம்.

ராவ் பகதூர் போய்விட்டது. 1948 ஒழிப்புச் சட்டத்தில் ஜமீனும் போய்விட்டது. தீண்டாமை மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

நாற்காலி, பெயர்ப் பலகை, கொடி

73ஆவது திருத்தம் வந்து, 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் 1996இல் தேர்தல் நடந்தபோது, தலைவர் பதவிகள் முதல்முறையாகப் பரவலாக நமக்கு ஒதுக்கப்பட்டன. மேலவளவில் தலைவரான முருகேசனும் உடன் இருந்தவர்களுமாக 6 பேர் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 2006 வரை முறையான தேர்தலே நடக்க முடியவில்லை. ஒரு தலித் தலைவர் நாற்காலியில் உட்காருவதைவிட நாற்காலி காலியாக இருப்பதே மேல் என்று ஊர் முடிவு செய்திருந்தது.

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருக்கும் படம் வெளிவந்தது. தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022இல் 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் ஆய்வு செய்தது. 22 ஊராட்சிகளில் தலித் தலைவருக்கு நாற்காலி இல்லை என்றது அந்த ஆய்வு. அந்த ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு, ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதி செய்ய வேண்டும் என்று ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார்.

1974இல் முதல்வருக்குக் கிடைத்த எழுத்து, ஊராட்சித் தலைவர் வரை வந்து சேர 48 ஆண்டுகள் ஆனது.

நாம் செய்ய வேண்டியது

முன்னுரிமைப் பட்டியலில் 27ஆவது படி கேட்பது நம் வேலை இல்லை. ஏணியில் இன்னொரு படி சேர்ப்பது அம்பேத்கர் வழியும் இல்லை. நமக்கு வேண்டிய எழுத்து வேறு இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 3(1)(எம்) பிரிவைப் படியுங்கள். ஊராட்சி, நகராட்சி அமைப்புகளில் உறுப்பினராகவோ தலைவராகவோ வேறு பதவியிலோ இருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரை அவர்களின் வழக்கமான கடமைகளைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியர் மீது 4ஆவது பிரிவு பாயும்.

பெரணமல்லூர் ஒரு பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியத்துக்கும் தலைமையிடம். பேரூராட்சிக்கும் கிராம ஊராட்சிகளுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். நம் மாவட்டத்தின் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்றுதான் தலித் மக்கள் ஆட்சியரோடும் போலீஸோடும் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போக முடிந்தது. ஆகவே இது எங்கோ நடக்கும் கதை இல்லை.

2019இல் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் விடப்பட்டன. அடுத்து தேர்வாகி வரும் நம் தலைவர்களுக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும். அலுவலகத்தில் அவர்களுக்கு நாற்காலி இருக்கிறதா? பெயர்ப் பலகையில் பெயர் இருக்கிறதா? அலுவலகச் சாவி யாரிடம்? காசோலையில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய துணைத் தலைவர் அதையே பிடியாக வைத்து மிரட்டுகிறாரா? விழா அழைப்பிதழில் யார் பெயர் 'தலைமை', யார் பெயர் கடைசி வரி? கிராம சபையில் தீர்மானத்தைப் படிப்பது யார்? இவற்றைக் கவனியுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள், படம் எடுங்கள். குறை இருந்தால் ஆட்சியருக்கு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தடுத்தால் பிரிவைச் சொல்லிப் புகார் கொடுங்கள்.

சீனிவாசன் காலத்தில் அரசாங்கத்தை எழுத வைக்க வேண்டியிருந்தது, வைத்தார்கள். எழுதியதை ஊருக்குள் நடக்க வைப்பது நம் தலைமுறைக்கு விழுந்த வேலை.

ஜெய்பீம்.