ஆல்கோ எஞ்சினும் நம் அப்பாக்களும்

தண்டையார்பேட்டை டீசல் ஷெட் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் என்னிடம் படித்தீர்கள். 1856-இல் ராயபுரத்தில் ரயில் புறப்பட்டதைச் சொன்னேன். உங்கள் அப்பாக்கள் பழுதுபார்த்த எஞ்சினைப் பற்றிச் சொல்லவில்லை.

அது அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவமைப்பு. 1962-இல் கப்பலில் வந்தது. 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். 1964 முதல் வாரணாசியிலேயே செய்தோம். 1969-இல் ஆல்கோ ரயில் எஞ்சின் செய்வதையே நிறுத்திவிட்டது. நம்மூரில் அதன் எஞ்சின் கூட்ஸ் இழுத்துக்கொண்டே இருந்தது.

டிரைவர் நாட்ச் ஏற்றியதும் டீசல் முந்தும், டர்போ காற்று பிந்தும். அதனால்தான் அந்தக் கரும்புகை. வண்டி போகும்வரை பாடத்தை நிறுத்துவேன், எரிச்சலோடு! ஓர் அப்பாவையாவது வகுப்புக்கு அழைத்திருக்கலாம்.

அப்பா இருந்தால் கேட்டு எழுதுங்கள்.