தேயிலை மலைகளின் ஜனநெருக்கம்: வட்டவளைப் பிரதேசத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் நாவலப்பிட்டியில் சற்று இளைப்பாறி, கலபொடவைக் கடந்து, வளைந்து வளைந்து மலையேறி வருகையில், பெரும்பாலும் நனைந்தபடியே நிற்கின்ற ஒரு சிறு நிலையம் வட்டவளை. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேலாக மழை பொழிகின்ற காரணத்தால் இலங்கையின் மிக ஈரமான இடங்களுள் ஒன்றாக இதனைப் பூகோள நூல்கள் குறிக்கும். ஜன்னலோரத்துப் பிரயாணிக்குப் பச்சை மலையும் மூடுபனியுமே தென்படும். மனிதர் அதிகம் தென்படார். ஆயினும் 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் வாழ்ந்தோர் 711,644 பேர். சதுர கிலோமீட்டருக்கு 400க்கு மேற்பட்டோர். நாடு முழுவதற்குமான சராசரி 325ஆகவும், முல்லைத்தீவில் அத்தொகை 38ஆகவும் இருந்ததை நோக்கும்போது, கண்ணுக்கு வெறுமையாகவும் ஏட்டில் நெரிசலாகவும் ஒரே நிலம் தோற்றுவதன் காரணத்தை ஆராய வேண்டியதாகிறது.

பிறப்பு மிகுதியாலும் மண்ணின் வளத்தாலும் ஓரிடத்தில் ஜனங்கள் பெருகுவர் என்பது பொது விதி. இம்மலைகளின் சரித்திரமோ அவ்விதிக்கு அடங்கவில்லை. இங்கே தலைகளின் தொகையை ஏற்றியது பயிர், நெருக்கியதும் இறக்கியதும் சாசனம்.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பெருங்காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்ட காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலியாட்கள் பெரும்பாலும் ஆண்கள். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு மன்னார்க் கரையிறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்து, நோய்க்கும் பசிக்கும் தப்பியவர் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். ஆகவே 1871 மார்ச்சில் எடுக்கப்பட்ட முதலாவது குடிசன மதிப்பீடு இத்தீவில் ஏறத்தாழ 24 இலட்சம் பேரைக் கண்டதாயினும், தோட்டங்களைப் பொறுத்தவரை எந்த மாதத்தில் எண்ணினர் என்பதே எத்தனை பேர் என்பதைத் தீர்மானித்திருக்கும். அது குடியன்று, போக்குவரத்து.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைச் சாய்த்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, 1875அளவில் ஆயிரம் ஏக்கரை ஒட்டியே இருந்து, அந்நூற்றாண்டு முடிவதற்குள் மூன்றரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. கோப்பிக்கு ஆண்டில் ஒரு பருவம். தேயிலைக்கோ ஒரு மலையில் கொழுந்தெடுத்தால் ஏழெட்டு நாளில் அதே மலைக்குத் திரும்பியாக வேண்டும். ஆகையால் தேயிலை ஆளை ஆண்டு முழுவதும் வேண்டிற்று. கொழுந்தெடுக்கப் பெண்களை வேண்டிற்று. பெண்கள் வரவே குடும்பம் வந்தது, குடும்பம் வரவே தொட்டில் வந்தது. 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய இருப்புப்பாதை வரவை எளிதாக்கியது. ஆள் திரட்டிவந்த கங்காணியின் ‘துண்டு’ எனும் கடன்சீட்டோ திரும்புதலை அரிதாக்கியது. 1921இல் துண்டுமுறை ஒழிக்கப்பட்டபோது மலைகளில் ஒரு தலைமுறை பிறந்தே வளர்ந்துவிட்டது. தோட்டத்து வழக்கில் ‘பேர்’ என்றால் ஆளைக் குறிப்பதன்று, செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டில் விழும் ஒருநாட் சம்பளம் என்பதும், அரைநாள் வேலை ‘அரைப்பேர்’ ஆகும் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கன: காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் எண்ணியவர்கள் வேலையை எண்ணினரேயன்றிக் குடியை எண்ணவில்லை.

இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் முதன்முதலாக வேறு பிரித்து எண்ணிய 1911ஆம் ஆண்டு மதிப்பீட்டில் முன்னையோர் ஏறத்தாழ 5 இலட்சத்து 28 ஆயிரம், பின்னையோர் 5 இலட்சத்து 30 ஆயிரம். 1946இல் பின்னையோர் 7 இலட்சத்து 80 ஆயிரமாயினர். அதற்கடுத்த ஆண்டுகளில் தீவின் மரணவிகிதம் ஆயிரத்துக்கு 20 அளவிலிருந்து 14 அளவுக்கு வீழ்ந்ததற்கு மலேரியா ஒழிப்பும் ஒரு முக்கிய காரணம் என்பர். அதனால் உலர் வலயம் குடியேற்றத்துக்குத் திறந்தது. கல்லோயா முதலிய திட்டங்கள் நெருக்கமான பிரதேசங்களின் ஜனங்களை உள்வாங்கின. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, அந்த வாயிலை அவர்களுக்கு அடைத்துவிட்டது. ஏனையோர் பள்ளத்தாக்கிலிருந்து சமவெளிக்கு இறங்க, இவர்கள் இருந்த இடத்திலேயே பெருகினர். மலையகத்தின் நெருக்கத்தை விளக்குவதற்கு இதனினும் வலுவான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

1964 ஒக்டோபரில் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்ற 975,000 பேரைப் பங்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பாக்குவெட்டியால் வெட்டியது போன்ற அந்தத் துல்லியம், அண்ணனை ஒரு கரையிலும் தம்பியை மறுகரையிலும் போட்டது. தலைமன்னார் நோக்கி இறங்கிய ரயிலுக்கு ஜனங்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தார் வட்டவளையைக் கடந்தே போயினர். கப்பலேறிச் சென்றவருள் ஒரு பகுதியினர் நீலகிரியின் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடையையே சுமந்தனர். 1973–74இன் பஞ்சத்தில் மடிந்தவரும், 1977இன் கலவரத்துக்குப் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் பெயர்ந்தவரும் வேறு. 1971க்கும் 1981க்கும் இடையில் தீவின் ஜனத்தொகை 1 கோடி 27 இலட்சத்திலிருந்து 1 கோடி 48 இலட்சமாக உயர்ந்திருக்க, இந்தியத் தமிழர் தொகை 11 இலட்சத்து 74 ஆயிரத்திலிருந்து 8 இலட்சத்து 18 ஆயிரமாகத் தாழ்ந்தது. படிவத்தில் தம்மை இலங்கைத் தமிழர் என்று எழுதுவித்தோரும் இவ்வீழ்ச்சியில் அடங்குவர்.

சதுர மைல் என்னும் அளவுகோலுக்கே ஒரு குறை உண்டு. தோட்டத்தின் பரப்பெல்லாம் தேயிலைக்கு. மனிதருக்கு மலைச்சரிவில் ஒரு கீற்று. லயம் எனும் பழைய வரிசைவீட்டின் காம்பரா ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 120 சதுர அடி. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாயின் பின்பக்கச் சுவரில் ஜன்னலும் இராது. முன்னே இருந்த இஸ்தோப்பு எனும் தாழ்வாரத்தைத் தகரத்தாலோ பலகையாலோ அடைத்து மணமான மகனுக்கு ஓர் அறையாக்குவர். அடுப்பு உள்ளே வரும். ஆடி மழையில் காயாத ஈரத்துணி அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கும். ஆறு பேர் உறங்கினால் ஆளுக்கு 20 சதுர அடி. இந்த விகிதத்தை ஒரு சதுர மைலுக்கு விரித்துப் பார்த்தால் 13 இலட்சத்துக்கு மேல் வரும்! வெறும் கணக்கு விளையாட்டே எனினும், மாவட்டச் சராசரி மறைப்பதை இது காட்டிவிடுகிறது.

2012இல் நாட்டு ஜனத்தொகையில் தோட்டத்துறையினர் 4.4 வீதமே. இந்தத் துறையின் எல்லையும் கணக்கர் வகுத்ததுதான்: 20 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ளதாய், பத்துத் தொழிலாளருக்குக் குறையாமல் குடியிருக்கும் இடமே தோட்டம். இளைஞர் கொழும்பின் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போய்விட, லயங்களில் முதியோரும் பிள்ளைகளும் கொழுந்தெடுக்கும் தாய்மாருமே தங்கினர். அண்மைக் காலத்தில் சிலருக்குக் கிடைத்த 7 பேர்ச் காணியும் தனிவீடும் காம்பராவிலும் பன்மடங்கு விசாலமானவை. அவ்வீடுகளிற் சில தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்குமே நிறைகின்றன. மற்றைய நாட்களில் பாட்டி ஒருத்தி வாசலில் அமர்ந்து, மழை விட்டதா என்று மேலே பார்த்துக்கொண்டிருப்பாள்.