விளிம்பு நாட்டின் எழுச்சியும் அரசின் நான்காம் கடமையும்

முன்னுரை

அரசுக்குரிய பொருட்கடமைகளைத் திருவள்ளுவர் நான்காகப் பகுத்துரைத்தார். பொருள் வரும் வழிகளைத் தோற்றுவித்தல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைப் பேணுதல், பேணியதைப் பங்கிட்டு அளித்தல் என்பன அவை. பொருட்பாலைப் பாடம் நடத்துகையில் மாணவி ஒருத்தி ஒருமுறை வினவினாள்: “முதல் மூன்றையும் செவ்வனே செய்து, நான்காவதை மட்டும் செய்யாது விட்ட அரசைத் திறமையான அரசு எனலாமா, அம்மா?” உரையாசிரியர்களைத் துணைக்கொண்டு அன்று ஏதோ விடை கூறினேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை.

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்களை உருவாக்கிவரும் கொரிய நிறுவனத்தின் ஆலையை நம்மில் பலர் கண்டிருப்போம். அந்நிறுவனம் பிறந்த தென் கொரியாவின் வரலாறே மாணவியின் வினாவுக்கு ஏற்ற சான்றாக எனக்குப் பட்டது. அந்நாட்டின் வளர்ச்சியில் அரசு ஆற்றிய பங்கையும் ஆற்றத் தவறிய பங்கையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மையமும் விளிம்பும்

உலகப் பொருளாதாரத்தை மையம், விளிம்பு எனப் பிரித்து நோக்கியவருள் முதன்மையானவர் அர்ஜென்டினா நாட்டுப் பொருளியல் அறிஞர் ரவுல் பிரெபிஷ். ஐக்கிய நாடுகள் அவையின் இலத்தீன் அமெரிக்கப் பொருளாதார ஆணையத்திற்காக 1949ஆம் ஆண்டு அவர் எழுதிய அறிக்கை இக்கருத்தைப் பரப்பியது. விளிம்பு நாடுகள் காப்பி, செம்பு, பருத்தி போன்ற மூலப்பொருள்களை விற்கின்றன. மைய நாடுகள் எந்திரங்களை விற்கின்றன. நாளடைவில் எந்திரத்தின் விலையை நோக்க மூலப்பொருளின் விலை தாழ்கிறது. முன்பு வாங்கிய அதே எந்திரத்தை வாங்க, இன்னும் பல மூட்டைகளைக் கப்பலேற்ற வேண்டியதாகிறது. இச்சுழலிலிருந்து சந்தை தானாக மீட்காது; அரசு முன்னின்று தொழில் வளர்த்தாலன்றி விடிவில்லை என்பது அவர்தம் முடிபு.

இந்தியா, பிரேசில், கானா முதலிய நாடுகள் தத்தம் வழியில் அரசின் முயற்சியால் ஆலைகளை எழுப்பின. ஆயினும் எல்லா நாடுகளும் ஒரே பயனை அடையவில்லை. எனவே அரசு தலையிட வேண்டுமா என்பதைவிட, எவ்வாறு தலையிட்டது, யார் பொருட்டுத் தலையிட்டது என்பவையே ஆராயத்தக்கன.

கொரியாவின் தொடக்க நிலை

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. அதன் வயல்கள் ஜப்பானுக்கு அரிசி அனுப்பின. விடுதலையோடு பிரிவினையும் வந்தது. கனரகத் தொழில்களும் நீர்மின் நிலையங்களும் பெரும்பாலும் வடக்கே அமைந்துவிட்டன. 1948 மே மாதம் வடபகுதி மின்சாரத்தை நிறுத்தியபோது தென்பகுதி இருளில் தவித்தது. அடுத்து வந்த மூன்றாண்டுப் போர் எஞ்சியதையும் அழித்தது. 1961ஆம் ஆண்டில் அந்நாட்டாரின் தலைவீத ஆண்டு வருமானம் 100 டாலரை எட்டவில்லை.

இந்நிலையிலும் ஒரு பெரும் பணி முன்னரே நிகழ்ந்திருந்தது. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் ஏறத்தாழ 3 ஹெக்டேரை உச்சவரம்பாக்கி, மிகுதியை உழுதவர்க்கே உரிமையாக்கியது. நிலக்கிழார் வலிமை சரிந்தது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். பின்னாளில் எழுந்த ஆலைகளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளர் கிடைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். பங்கிட்டளித்தல் என்னும் கடமை ஒருமுறை முன்னே நின்றதனால்தான் ஏனைய மூன்றும் பின்னே எளிதாயின என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கொடையும் கைம்மாறும்

1961 மே 16ஆம் நாள் தளபதி பார்க் சுங்-ஹீ படைப்புரட்சியால் ஆட்சியைக் கைப்பற்றினார். அவ்வாண்டே பொருளாதாரத் திட்டக் குழு அமைக்கப்பட்டது. வங்கிகள் அரசின் பிடிக்குள் வந்தன. முறைகேடாகப் பொருள் சேர்த்ததாகக் குற்றஞ்சாட்டப்பெற்ற பெருவணிகர்கள், ஆலை எழுப்ப இசைந்து விடுபட்டனர். 1962இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது.

ஏற்றுமதி இலக்கை எய்திய நிறுவனத்திற்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தது. எய்தாத நிறுவனத்திற்குக் கடன் நின்றது. அரசு கொடையும் கொடுத்தது, கைம்மாறும் கேட்டது. 1989இல் வெளிவந்த தம் நூலில் ஆலிஸ் ஆம்ஸ்டென் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கொரிய வெற்றியின் உயிர்நாடி இதுவே எனக் காட்டினார். பிற விளிம்பு நாடுகள் பலவற்றில் முதலாளிகட்குக் காப்பு இருந்தது; கட்டுப்பாடு இல்லை.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு போகாங் நகரில் எழுந்த எஃகு ஆலை. தரமான இரும்புத்தாதோ நிலக்கரியோ போதிய அளவில் இல்லாத நாட்டுக்கு இத்தகைய ஆலை பொருந்தாது என உலக வங்கி கருதியது. 1969இல் வெளிநாட்டுக் கடன் முயற்சி கைவிடப்பட்டது. கொரிய அரசு தளரவில்லை. 1965ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஜப்பான் தர இசைந்த 30 கோடி டாலர் நன்கொடை, 20 கோடி டாலர் கடன் ஆகியவற்றின் ஒரு பகுதியை இதற்குத் திருப்பியது. அடிமைப்பட்ட முன்னோரின் குருதிக்கு ஈடாக வந்த பணம் இது. தோற்றால் அனைவரும் வலப்புறம் திரும்பிக் கடலில் இறங்குவோம் என ஆலைத் தலைவர் பார்க் டே-ஜூன் தம் பணியாளர்களிடம் கூறியதாகச் சொல்வர். 1973 ஜூலையில் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன்னுக்கு மேல் எஃகு வார்க்கும் திறனுடன் ஆலையின் முதற்கட்டம் நிறைவுற்றது.

அமெரிக்க உதவியும், வியட்நாம் போருக்குப் படை அனுப்பியதால் வந்த வருவாயும் துணைநின்றன என்பதை மறைத்தல் நேர்மையன்று. எனினும் வந்த பணத்தை ஆலையாக மாற்றியது அரசின் திறமே. முதல் மூன்று கடமைகளிலும் அவ்வரசு தேறியது எனலாம்.

தையற்கூடத்தின் குரல்

இனி நாணயத்தின் மறுபக்கத்தைக் காண்போம். எஃகுக்கு முன் அந்நாடு ஏற்றுமதி செய்தவை ஆடைகளும், ஒட்டுப்பலகைகளும், பெண்களின் கூந்தலில் முடைந்த பொய்ம்முடிகளுமே. இவற்றை உருவாக்கியவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். சியோல் நகரின் ‘அமைதிச் சந்தை’த் தையற்கூடங்களில், ஓர் அறையைப் பலகையிட்டு மேலும் கீழுமாக இரண்டாக்கி, நிமிர்ந்து நிற்கவும் இயலாத இடத்தில், சிறுமியர் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் உழைத்தனர்.

அங்குத் துணி வெட்டும் தொழிலாளியாக இருந்தவர் ஜோன் டே-இல். பேருந்துக்கு வைத்திருந்த காசில் அச்சிறுமியர்க்குத் தின்பண்டம் வாங்கித் தந்துவிட்டு நெடுந்தொலைவு நடந்தே வீடு திரும்பியவர். 1953 முதலே தொழிலாளர் நலச்சட்டம் ஒன்று ஏட்டில் இருப்பதை அறிந்து, அதன் விளக்க நூலை வாங்கினார். அந்நூலோ கடினமான சீன எழுத்துகள் மண்டியது. பொருள் சொல்லித்தரக் கல்லூரி மாணவ நண்பர் ஒருவர் தமக்கு இருந்தால் ஆகாதா என அவர் ஏங்கினார். மொழியாசிரியையாகிய என் நெஞ்சை இவ்வரலாற்றில் மிகவும் சுட்ட இடம் இதுவே. உழைப்பவனுக்காக இயற்றிய சட்டம், உழைப்பவனுக்கு விளங்காத மொழியில் இருந்தது.

அவர் விடுத்த முறையீடுகள் பயன் தரவில்லை. 1970 நவம்பர் 13ஆம் நாள், சட்டத்தைக் கடைப்பிடியுங்கள், நாங்கள் எந்திரங்கள் அல்லர் என முழங்கியவாறு தம் உடலுக்குத் தீயிட்டு மாண்டார். அப்போது அவருக்கு வயது 22. அவர்தம் அன்னை லீ சோ-சன் 2011இல் மறையும்வரை தொழிலாளர் உரிமைக்காகவே வாழ்ந்தார்.

நான்காம் கடமை

1979 ஆகஸ்டில் பொய்ம்முடி ஆலைப் பெண்கள், மூடப்பட்ட தங்கள் ஆலையைத் திறக்க வேண்டி எதிர்க்கட்சி அலுவலகத்தில் அமர்ந்து போராடினர். காவலர் புகுந்து கலைத்தபோது கிம் கியோங்-சுக் என்னும் இளம்பெண் உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்த அரசியல் கொந்தளிப்பினூடே அக்டோபர் 26ஆம் நாள், அதிபர் பார்க் தம் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு குவாங்ஜு நகரில் மக்கள் எழுச்சி குருதியில் மூழ்கடிக்கப்பட்டது.

1987 ஜூன் மாதப் பேரெழுச்சி, அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றுத் தந்தது. அதே கோடையில் உல்சான் நகர ஆலைகளில் மூண்ட தொழிலாளர் போராட்டம் நாடெங்கும் பரவியது. 1988இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தேசிய ஓய்வூதியமும் நடைமுறைக்கு வந்தன. 1989இல் மருத்துவக் காப்பீடு மக்கள் அனைவரையும் தழுவியது. இவற்றுள் சிலவற்றுக்கு முன்னரே வித்திடப்பட்டிருந்தது உண்மை. ஆயினும் அவை தழைத்தது மக்கள் குரல் ஓங்கிய பின்னரே.

1997இன் நிதி நெருக்கடியில் நாடு பன்னாட்டு நிதியத்திடம் கையேந்திய வேளை, ஏறத்தாழ 35 இலட்சம் மக்கள் வரிசையில் நின்று, திருமண மோதிரங்கள் உட்பட 220 டன்னுக்கும் மேலான தங்கத்தை அளித்தனர். நாடு தமக்கும் உரியது என்னும் உணர்வு வேரூன்றியிராவிடில் இது நிகழ்ந்திருக்குமா?

முடிவுரை

விளிம்பு நாடு உயர வலிமை வாய்ந்த அரசு வேண்டும். முதலாளியிடம் கைம்மாறு கேட்கும் துணிவு அதற்கு வேண்டும். இவ்விரண்டையும் கொரியா மெய்ப்பித்தது. ஆனால் பங்கிட்டளிக்கும் கடமையை வலிய அரசு தானாகவே செய்துவிடும் என்பதை அவ்வரலாறு மெய்ப்பிக்கவில்லை. அதனை மக்கள் கேட்டே பெற்றனர். கேட்டவர்களுள் முன்னின்றோர், ஏற்றுமதிக் கணக்கேடுகளில் பெயரில்லாத தையற்பெண்கள்.

கொரியக் காரை நாம் நன்கறிவோம். அக்காருக்கு முன் நின்ற தையற்காரரை அறிந்தோமில்லை. அன்று வினவிய மாணவிக்கு இன்று இவ்விடையைக் கூறுவேன்: மூன்று கடமைகளைச் செய்த அரசு திறமையானதே, நான்காவதையும் செய்யும்போதுதான் அது மக்களின் அரசாகிறது.