அமிர்தாஞ்சனமும் ஆஸ்பிரினும்: பெயர் வகுத்த எல்லை

ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஆஸ்பிரினை 1899இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, 1893இல், பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 'அமிர்தாஞ்சனம்' என்னும் வலித் தைலத்தை அறிமுகப்படுத்தியிருந்தார். அவர் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்த தெலுங்கர். தைலம் ஈட்டித் தந்த பொருளைக் கொண்டே பம்பாயில் 'ஆந்திர பத்திரிகா' வார இதழை அவர் தொடங்கினார். 1914இல் அது சென்னையில் நாளேடாக மலர்ந்தது.

மருந்தின் வெற்றியில் பெயருக்கும் பங்குண்டு. அமிர்தம் சாவா மருந்து. அஞ்சனம் கண்ணுக்கு இடும் மை. நெற்றியில் தடவும் இத்தைலமோ கண்ணில் படவே கூடாதது. சொற்பொருள் பொருந்தாவிடினும், வடசொல் மரபின் சாயல் பண்டத்திற்குப் பழமையையும் உள்ளூர்த் தன்மையையும் ஒருங்கே அளித்தது.

இன்றைய வலித் தைலங்களின் உறைகளிலும் இப்போக்கைக் காணலாம். யூகலிப்டஸ் எண்ணெய் அங்கே 'நீலகிரித் தைலம்' ஆகிறது. அம்மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்ததோ 1843இல்தான். விண்டர்கிரீன் எண்ணெய் 'கந்தபூரத் தைலம்' எனப்படுகிறது. அதன் முதன்மைக் கூறு மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரினும் இதே சாலிசிலேட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது, 'ஆங்கில மாத்திரை'க்கு மாற்றாகக் கருதப்படும் தைலத்தில் அம்மாத்திரையின் உறவுப் பொருளே உறைகிறது.

இந்த உறவு மறக்கப்படுவதில் ஆபத்துண்டு. தூய விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்கு நிகர்; 325 மில்லிகிராம் மாத்திரைக் கணக்கில் இருபதுக்கும் மேல். குழந்தை அதை விழுங்கினால் உயிரே போகலாம். காய்ச்சலுற்ற குழந்தைக்கு ஆஸ்பிரின் தரக்கூடாது என்பதை அறிந்த வீட்டிலும், 'இயற்கைத் தைலம்' என்ற நம்பிக்கையால் அந்தக் குப்பி கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கக்கூடும்.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் நாடும் கடைகளில் தைலமும் மாத்திரையும் வெவ்வேறு மருத்துவ மரபுகளின் பெயரால் விற்கப்படுகின்றன. நாட்டு மருந்து, ஆங்கில மருந்து என்னும் பகுப்பு பெரிதும் பெயரிடலின் வரலாறு. உடலோ சேர்மத்தை மட்டுமே அறியும். மருத்துவ வரலாற்றை எழுதுவோர் மருந்துறையின் மொழியையும் அதன் உள்ளிருக்கும் பொருளையும் சேர்த்தே வாசிக்க வேண்டியுள்ளது.