நோகாத நாளில் ஒரு குளிசை

அரியாலையின் பிள்ளையார் கோயில் ஒன்றின் பெயரிலேயே ஒரு தலையிடி மருந்து இருக்கிறது. நீர்நொச்சித்தாழ்வு சித்திவிநாயகர். தாழ்வு என்றால் மாரியில் தண்ணீர் நிற்கும் பள்ளக் காணி. அந்த ஈரத்தில் வளர்வது நீர்நொச்சி. நொச்சியிலையை அவித்து வேது பிடிப்பதும், காய்ந்த இலையைத் தலையணைக்குள் அடைத்துப் படுப்பதும் தலைப்பாரத்துக்கும் தலையிடிக்கும் பழைய வீடுகளில் செய்துவந்த கைவைத்தியம்.

ஊரை ஊடறுத்துப் போவது கண்டி வீதி. அதில் மேற்கே போனால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. 1850இல் அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக் முன்னின்று தொடக்கிய ஆஸ்பத்திரியின் இன்றைய வடிவம் அது. கிழக்கே நாவற்குழிப் பாலம் தாண்டினால் கைதடி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984இல் தொடங்கிய சித்த மருத்துவப் படிப்பு அங்கே நடக்கிறது. மாதத்தில் பாதி நாள் ஒற்றைத் தலையிடியோடு கிடக்கும் அரியாலைக்காரருக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. எந்தப் பக்கம் போனாலும், நோ இல்லாத நாளிலும் மருந்தை விடக்கூடாது என்றுதான் சொல்லி அனுப்புவார்கள்.

பரியாரிமாருக்கு இது புதுச் சங்கதி அல்ல. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் 'பரராசசேகரம்' என்ற வைத்திய நூலில் தலை நோய்களுக்கென்றே 'சிரரோக நிதானம்' என்று ஒரு பகுதி உண்டு. ஏடுகளில் கிடந்த அந்த நூலை ஏழாலை ஐ. பொன்னையா 1928 முதல் பகுதி பகுதியாக அச்சேற்றினார். தலையிடி எல்லாம் ஒன்றல்ல என்பது இந்திய வைத்திய மரபின் பழைய பாடம். சுசுருதர் பதினொரு வகை பிரித்தார். வெயில் ஏற ஏறக் கூடி, பொழுது சாயத் தணிவது சூரியாவர்த்தம். தலையின் ஒரு பாதியைப் பிளப்பது அர்த்தாவபேதகம். கிரேக்க வைத்தியர் கேலன் இதே நோவுக்கு 'அரை மண்டை' என்று பொருள்படும் பெயரை வழங்கினார்; அந்தச் சொல் தேய்ந்துதான் மைக்ரேன் ஆனது.

பரியாரியார் மூக்கில் நசியம் விடுவார், நெற்றியில் பற்றுப் போடுவிப்பார். அவை வலிக்கும் நேரத்துக்கு. வலிக்காத நாட்களுக்கு நல்லெண்ணெய் வைத்து அரப்பும் எலுமிச்சம்பழமும் தேய்த்து முழுக்கு, நேரத்துக்குச் சாப்பாடு, பத்தியம். தடுப்பு மருத்துவம் என்ற பெயர் அதற்கு அன்று இல்லை.

மேற்கு வைத்தியத்தின் பக்கம் பார்த்தால், 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டு மானிப்பாயில் குடியேறி 60க்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். ஹூப்பரின் வைத்தியக் கைநூல் அவர் முயற்சியால் 'வைத்தியாகரம்' என்று 1872இல் தமிழாகியது. 1873இல் அவர் ஊர் திரும்பினார். அதே ஆண்டு ஒற்றைத் தலையிடி பற்றி எட்வர்ட் லிவீங் எழுதிய பெரும் நூல் இங்கிலாந்தில் வெளிவந்தது.

மேற்கு வைத்தியத்திடமும் அப்போது தனி மருந்து கிடையாது. 1839இல் கல்கத்தாவில் ஓஷானசி என்ற வைத்தியர் கஞ்சாவின் குணங்களை ஆராய்ந்து எழுத, அது கப்பலேறி லண்டன் மருந்துக்கடைகளுக்குப் போனது. நரம்பியல் மேதை வில்லியம் கவர்ஸ் 1880களில் ஒற்றைத் தலையிடிக்கு எழுதிக் கொடுத்தவற்றில் அந்த 'இந்தியச் சணலும்' ஒன்று.

தடுப்பதற்கென்று பரவலான முதல் மருந்து 1959இல் வந்த மெதிசேர்ஜைட். நெடுநாள் எடுத்தவர்களுக்கு உடம்பின் உள்ளே தழும்புத் திசு வளரக் கண்டதும் அதன் மவுசு போயிற்று. அடுத்தது தற்செயல். 1960களில் ஜேம்ஸ் பிளாக் இருதய நோவுக்காகப் புரொப்ரனலோலைக் கண்டுபிடித்தார். 1988இல் நோபல் பரிசு பெற்றார். நெஞ்சு நோவுக்கு இந்தக் குளிசையைச் சோதித்தபோது, தன் தலையிடியும் குறைந்துவிட்டது என்று ஒரு நோயாளி சொன்னது 1966இல் பதிவாகியது. அதன் பிறகு மனச்சோர்வுக்கான அமிற்றிப்ரிலின், வலிப்புக்கான வல்ப்ரோயேற், ரொபிரமேற் என்று ஒவ்வொன்றாக வேறு நோயின் அலுமாரியிலிருந்து இரவல் வந்தன.

"எனக்குப் பிறசர் இல்லையே, ஏன் பிறசர்க் குளிசை?" என்று, பிறசருக்கும் கொடுக்கும் புரொப்ரனலோல் எழுதிய மருந்துத் துண்டோடு நிற்பவர் கேட்பது இதனால்தான். இரவலுக்கு விலையும் உண்டு. தொய்வுக்காரருக்குப் புரொப்ரனலோல் ஆகாது. எடுப்பவரும் திடீரென நிறுத்தக்கூடாது. இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கும் அமிற்றிப்ரிலின் வாயைக் காயவைக்கும், காலையில் கண்ணை இழுக்கும். வல்ப்ரோயேற் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து.

இந்த வகைக் குளிசைகள் சாதாரண மனிதர் கைக்கு எட்டியதில் பேராசிரியர் சேனக பிபிலேயின் பங்கு பெரிது. 1971இல் அமைந்த அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். நாட்டுக்குத் தேவையான மருந்துகளைப் பட்டியலிட்டு, கம்பனிப் பெயரை விட்டு மூலப்பெயரால் மொத்தமாக வாங்கும் முறையை ஏற்படுத்தினார்.

ஆனால் தினமும் விழுங்கும் மருந்துக்குத் தினமும் திறந்திருக்கும் பாதை வேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது, மருந்துக்கும் கட்டுப்பாடு. தெற்கே போக வேண்டியவர்கள் இரவில் கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது சனக்கூட்டம் அரியாலையூடாகத்தான் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. காயத்துக்கே மருந்து போதாத அந்த ஆண்டுகளில், நோகாத நாளில் எடுக்கும் குளிசையைப் பற்றி யார் பேசுவது? பனடோலும் கோடாலித் தைலமும் தலையில் இறுகக் கட்டிய துணியுந்தான் மிச்சம்.

பனடோலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ என்று மாதக்கணக்காக எடுத்தால் அதுவே தலையிடியை வளர்க்கும். நாட்பட்ட ஒற்றைத் தலையிடி என்று சொல்வதற்கும் வைத்தியர்கள் வைத்த கணக்கு மாதம் 15 நாள், மூன்று மாதத்துக்கு மேல். இரவல் அல்லாத மருந்தும் வந்திருக்கிறது: 2018இல் அமெரிக்கா அனுமதித்த எரெனுமாப், ஒற்றைத் தலையிடியைத் தடுப்பதற்கென்றே வடிவமைத்த ஊசி. மாதம் ஒருமுறை போட்டால் போதும், விலைதான் தலையிடி.

ஆகவே கிளினிக்கில் பெரும்பாலும் இன்றும் அதே இரவல் குளிசைகள். பலன் தெரிய ஆறு எட்டுக் கிழமை செல்லும். நோ நாட்கள் பாதியாகக் குறைந்தாலே வெற்றி என்று எடுப்பார்கள். அதற்குக் கணக்கு வேண்டும். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நல்லநேரத்துக்கும் இராகுகாலத்துக்கும் பக்கத்தில், தலை இடித்த நாளுக்கு ஒரு புள்ளடி, பனடோல் போட்ட நாளுக்கு ஒரு வட்டம். மூன்று தாளைக் கிழித்து கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். டொக்டர் புள்ளடிகளை எண்ணி முடித்ததும் இவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பத்தியம் ஏதும் இருக்கோ, டொக்டர்?"