தாகூர் வளர்த்த ஆடற் கல்வி

ஆடலும் பாடலும் கல்விக்குப் புறம்பானவை என்பாருக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கிய தாகூர், பருவ விழாக்களை இசையோடு கொண்டாடி, அவற்றைப் பாடசாலை வாழ்வின் அங்கமாக்கினார். 1919இல் சில்ஹெட்டில் மணிப்புரி நடனத்தைக் கண்டு வியந்தவர், அதைக் கற்பிக்க ஆசிரியரை வரவழைத்தார். குலமகளிர் மேடையேறுவது இழிவெனக் கருதப்பட்ட நாளில், 1926இல், 'நடீர் பூஜா' நாடகத்தில் அங்குள்ள மாணவியர் நடித்தனர். 1927இல் ஜாவா, பாலித் தீவுகளுக்குச் சென்று அவற்றின் ஆடற்கலையையும் கண்டார். 1934இல் நம் நாட்டுக்கு வந்து, ஹொரணையில் ஸ்ரீபாலிக்கு அடிக்கல் நாட்டினார்.

இத்தனை கலைகளை வரவேற்றும் அவர் பாட்டு வங்காளப் பாட்டாகவே நின்றது. அயலார் கலையைக் கற்பதால் நம் கலை அழிந்துவிடாது. சங்கீதப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கடன்கொடுக்கும் நாம்தான் அதனை மெல்ல மெல்ல இழக்கிறோம்.