குலக்குறித் தூண்: வழிபடுபொருளா, உரிமைச் சான்றா?

தமிழில் மானிடவியல் பற்றி எழுதப்பெறும் கட்டுரைகளில் 'குலக்குறி' என்னும் சொல் நன்கு வேரூன்றிவிட்டது. 'டோட்டம்' என்பதற்கு நேராக அமைந்த அச்சொல்லோடு 'வழிபாடு' என்பதனையும் இணைத்துக் 'குலக்குறி வழிபாடு' என்றே பெரிதும் வழங்கி வருகின்றோம். வட அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் வானுற நிற்கும் செதுக்குத் தூண்களையும் அவ்வழிபாட்டுக்கு உரியனவாகவே கருதுகின்றோம். இக்கருத்துப் பொருந்துவதன்று. அத்தூண்கள் தொழுதற்கு நாட்டப்பட்டவை அல்ல. ஒரு குடிக்கு அதன் பெயர்மீதும் பட்டத்தின்மீதும் நிலத்தின்மீதும் கதையின்மீதும் உள்ள உரிமையைப் பலர் அறிய நிலைநாட்டிய சான்றுகளே அவை. இதனைத் தெளிவுபடுத்துவதும், அச்சான்றுகளுக்கு நேர்ந்ததைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். 'டோட்டம்' என்பது ஒஜிப்வே மக்களின் மொழியினின்றும் எடுக்கப்பட்டது. சான் லாங் என்னும் வணிகர் 1791-இல் வெளியிட்ட தம் பயண நூலில் அதனை ஆங்கிலத்திற்கு அறிமுகப்படுத்தினார். ஒஜிப்வே மக்கள் வாழ்ந்தது பேரேரிகளைச் சூழ்ந்த காட்டு நிலம்; மேலைக் கடற்கரைக்கும் அதற்கும் இடையே பெருமலைத் தொடர்களும் பரந்த சமவெளியும் கிடக்கின்றன. அவர்கள் இத்தகைய தூண்களைச் செதுக்கியவரும் அல்லர். ஓரினத்தாரின் சொல்லை மற்றோரினத்தாரின் தூணுக்குப் பெயராக இட்டவர் வெளியார். 1869-இல் மக்லென்னன் விலங்கு, செடிகொடி வழிபாடு பற்றி எழுதத் தொடங்கிய கட்டுரைகளே டோட்டம் என்னும் கருத்தோடு வழிபாட்டைப் பிணைத்தன. பின்னர் பிரேசர் 1910-இல் நான்கு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். துர்க்கெய்ம் 1912-இல் ஆத்திரேலியப் பழங்குடிச் செய்திகளைக் கொண்டு சமயத்தின் தோற்றத்தையே இதனுள் காண முயன்றார். 1910-இலேயே கோல்டன்வைசர் இவ்வேறுபட்ட வழக்கங்களை ஒரு பெயரால் கட்டுதல் தகுமோ என வினவினார். 1962-இல் லெவி-சுட்ராசு அக்கட்டினை ஏறக்குறைய அவிழ்த்தே விட்டார். இவ்வகையில் தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லினும் நற்பேறுடையது எனலாம். குலத்தின் குறி என்னும் பொருள் மேலைக் கடற்கரைத் தூணுக்கு முற்றும் பொருந்துகின்றது. பின்னொட்டாக வந்த 'வழிபாடு'தான் பொருந்தவில்லை.

அலாசுக்காவின் தென்பகுதி முதல் வான்கூவர்த் தீவு வரை நீண்டுள்ள அக்கடற்கரையில் திலிங்கித், ஹைடா, சிம்சியன், நிசுகா, கித்சான், ஹைசுலா முதலிய பல இனத்தார் வாழ்கின்றனர். மழை மிக்க அந்நிலத்தில் ஓங்கி வளரும் செந்நிறச் சிடார் மரமே தூணுக்கு உரியது. மேற்கூறிய இனத்தாருள் தாய்வழி உரிமையே வழக்கு. தந்தையின் பட்டம் மகனுக்குச் செல்லாது, மருமகனுக்கே செல்லும். ஹைடா மக்கள் அண்டங்காக்கை, கழுகு என இரு பெரும் பிரிவினர். நிசுகா மக்கள் கொலைத்திமிங்கிலம், ஓநாய், கழுகு, அண்டங்காக்கை என நான்கு குலத்தினர். ஒரு பிரிவினர் தம் பிரிவுக்குள் மணத்தல் ஆகாது. கரடியைக் குறியாக உடையவர் கரடியை வேட்டையாடவும் உண்ணவும் தடை ஏதும் இல்லை என்பது, பிரேசரின் நூலைக் கற்றுச் செல்வார்க்கு வியப்பளிக்கும். தம் மூதாதை ஒருவர் முன்னொரு காலத்து அவ்விலங்கை எதிர்ப்பட்டார், அதனால் அவ்வுருவைக் காட்டும் உரிமையைப் பெற்றார் என்பதே அவர்தம் கதை. உரிமையுடையார் அன்றி வேறெவரும் அக்கதையைச் சொல்லுதலும் அவ்வுருவைச் செதுக்குதலும் குற்றமாகும்.

தூண்கள் பலவகைப்பட்டன. வீட்டு முகப்பில் நிற்பன சில. இறந்த தலைவனின் நினைவாக அவன் வழித்தோன்றல் எடுப்பன சில. ஹைடா நாட்டில் உச்சியில் பேழை அமைத்து இறந்தாரின் உடலை வைக்கும் தூண்களும் இருந்தன. கடன் தீர்க்காத பெருமகனை நாணச் செய்ய எடுத்த தூண்களும் உள. வழிபடுபொருளை ஒருவரை இகழ்தற்கு நாட்டுவார் உண்டோ? உருவங்களை அறியும் இலக்கணமும் உண்டு. அண்டங்காக்கைக்கு நேரிய அலகு. கழுகுக்கு வளைந்த அலகு. மரத்தைக் கொறிக்கும் பீவர் என்னும் விலங்குக்கு இரு பெரும் முன்பற்களும் கட்டம் இட்ட வாலும். கொலைத்திமிங்கிலத்துக்கு முதுகில் நிமிர்ந்த துடுப்பு. ஆயினும் இவ்விலக்கணம் கற்றவன் இன்ன விலங்கு எனக் கூறலாமேயன்றி, அது எவர் கதை, எந்நிலத்தில் நிகழ்ந்தது என்பதனைக் கூற இயலாது. தூண் மூலபாடம் அன்று; பாடத்தை நினைவூட்டும் முதற்குறிப்பே ஆகும். பாடம் குடியின் மூத்தோர் நாவில் இருந்தது. கித்சான் மக்களும் நிசுகா மக்களும் அதனை 'அதாவ்க்' என்பர்.

அப்பாடம் அரங்கேறிய இடம் பொட்லாட்ச் என்னும் பெருவிருந்து. தூணைச் செதுக்குவோர் பெரும்பாலும் பிற குலத்தவர். விருந்துக்கு வருவோரும் பிற குலத்தவர். அவர்கள் முன்னிலையில் பெயர்கள் கூறப்படும், கதை உரைக்கப்படும், பாடல் பாடப்படும், தூண் நிமிர்த்தப்படும். விருந்தளிப்போர் வந்தவர்க்குப் பொருளை வாரி வழங்குவர். அப்பொருள் வெறுங்கொடை அன்று. கண்டதற்கும் கேட்டதற்கும் சாட்சியாக நின்றமைக்கு அளிக்கும் கூலி. பெற்றுக்கொண்டவர் பின்னர் அவ்வுரிமையை மறுத்தல் அரிது. எழுத்தில்லா நாட்டில் இதனினும் உறுதியான பத்திரப் பதிவு யாது?

இதனைச் செல்வத்தை அழிக்கும் மடமை எனக் கண்ட கனடா அரசு 1884-இல் சட்டம் இயற்றி, 1885 முதல் பொட்லாட்சினைத் தடுத்தது. 1951 வரை அத்தடை நீடித்தது. 1862-இல் பரவிய பெரியம்மை ஏற்கனவே ஊர்களைப் பாழாக்கியிருந்தது. சாட்சிகள் மாண்டனர், எஞ்சியோர் கூடுதலும் குற்றமாயிற்று. இந்நிலையில் தூண்கள் உரிமையாளர் அற்ற கலைப்பொருள்கள் போலத் தோன்றின. அருங்காட்சியகத்தார் வந்து கொண்டு சென்றனர்.

நிசுகா நாட்டில் நீசூல் என்னும் குடியினர் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எடுத்த தூண் ஒன்று. தலைமைப் பட்டத்துக்கு அடுத்த உரிமையுடையவனாய் இருந்து போரில் வீழ்ந்த வீரன் ஒருவனின் நினைவாக, அக்குடிப் பெண்மணி ஒருத்தி அதனைச் செதுக்குவித்தாள். உயரம் ஏறத்தாழ 11 மீட்டர். 1929-இல் ஊரார் உணவு தேடி வெளியே சென்றிருந்த காலத்து, மாரியசு பார்பொ என்னும் கனடிய மானிடவியலறிஞர் அதனை அகற்றுவித்து எடின்பரோ நகர அருங்காட்சியகத்துக்கு விற்றார். விற்கும் உரிமை எவர்க்கு இருந்தது என்பதே பின்னர் எழுந்த வழக்கு. விந்தை யாதெனின், அப்பார்பொவே சிம்சியன் தலைவருள் ஒருவரான வில்லியம் பேனனின் துணைகொண்டு அந்நாட்டுக் கதைகளை ஆயிரக்கணக்கான பக்கங்களில் எழுதி வைத்தவர். 1950-இல் தூண்களைப் பற்றி இரு தொகுதிகளையும் வெளியிட்டார். பாடத்தைக் காத்த கையே பாடத்தின் குறியைப் பெயர்த்தெடுத்தது. அவரை வெறும் கவர்ந்தோராகத் தள்ளுதலும், காவலராகப் போற்றுதலும் எளிது. இரண்டும் அவர்தம் செயலை முழுதும் விளக்கமாட்டா. அவர் குறியைப் பொருளாகவும் கதையை நூலாகவும் பிரித்துக் கண்டார். உடையவர்க்கு அவை இரண்டல்ல.

இப்பிரிவினை எத்துணைக் கேடு விளைத்தது என்பதனை நீதிமன்றமே காட்டிற்று. கித்சான், வெத்சுவெத்தன் குடித்தலைவர்கள் தம் நிலத்துக்கு உரிமை கோரி வழக்கிட்டனர். 1987-இல் தொடங்கிய விசாரணை 374 நாள் நடைபெற்றது. தலைவர்கள் தம் அதாவ்க்கினையே ஆவணமாக எடுத்துரைத்தனர். தலைவி ஒருத்தி தன் குடிக்குரிய பாடலைப் பாட முற்பட்டபோது, தமக்கு இசைச்செவி இல்லை, பாடுவதால் பயன் இல்லை என்றார் நடுவர். 1991-இல் அவர் அளித்த தீர்ப்பு, வாய்மொழி வரலாற்றைத் தனித்த சான்றாக ஏற்கவில்லை. 1997 திசம்பர் 11-இல் கனடா உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் திருத்தி, வாய்மொழி வரலாற்றுக்கும் ஏனை ஆவணங்களுக்கு ஒப்பான இடம் அளித்தல் வேண்டும் என்றது. நிலவுரிமையை முடிவு செய்யாது மறுவிசாரணைக்கே விடுத்தது எனினும், நாவில் நின்ற பாடம் சான்றெனப்பட்டது அன்றுதான். எடின்பரோவில் நின்ற தூண் 2023 செப்டம்பரில் வான்வழியாகத் தாயகம் மீண்டது.

தூண் சான்றாவணம் எனின், அதனை மழையில் நனைந்து மட்க விடுவது ஏன் என ஒருவர் தடை எழுப்பலாம். தடை தக்கதே. 1872-இல் ஹைசுலாத் தலைவர் சிப்சுகோலக்சு, நோயால் மக்களை இழந்த துயரில் தமக்குத் துணைநின்ற தெய்வ உருவொன்றின் நினைவாகத் தூண் ஒன்றனை எடுத்தார். நன்றியின் அடையாளமாயினும் அதுவும் அவர் கண்ட காட்சியின் சான்றே. 1929-இல் அது வெட்டப்பட்டுச் சுவீடன் நாட்டுக்குச் சென்றது. 1991-இல் ஹைசுலா மக்கள் சுடாக்கோம் நகர் சென்று அதனைக் கேட்டனர். திருப்பித் தர இசைந்த அருங்காட்சியகத்தார், மரம் கெடாவண்ணம் தக்க கட்டடத்தில் வைத்துக் காத்தல் வேண்டும் என விரும்பினர். ஹைசுலா வழக்கிலோ தூண் காலத்தால் சாய்ந்து மண்ணோடு மண்ணாதலே முறை. சாய்ந்ததை மீண்டும் நிமிர்த்துதல் வழக்கன்று. புதுத்தூண் செதுக்கி, புதுவிருந்து அழைத்து, புதுச்சாட்சிகள் முன் பழங்கதையை உரைத்தலே வழக்கு. மரம் மட்கும்தோறும் உரிமை புதுப்பிக்கப்படுகின்றது. நம் ஏடுகள் செல்லரிக்குமுன் படியெடுக்கப்பட்டமை போன்றது இது. மூல ஏடு அழிந்தது பற்றி நூல் அழிந்தது என நாம் கூறுவதில்லை.

மூலத்தூண் 2006-இல் மீண்டது. அதற்கு ஆறாண்டு முன்னரே, 2000-இல், ஹைசுலாச் செதுக்குநர் அதன் படிகள் இரண்டு செய்து முடித்தனர். ஒன்று சுவீடன் மக்களுக்குக் கொடையாயிற்று. மற்றொன்று, முதற்றூண் நின்ற மிசுகூசா என்னும் ஆற்றங்கரை ஊரில், எவ்விதக் கூரையும் இன்றி மழையில் நாட்டப்பட்டது.